உயிர்ப்புக் காட்சிக்கு ஒரு புது கம்ப்யூட்டர்

“பொட்டிய மாத்தினா பாட்டு மாறிடுமா பாப்பா? ஆடறவங்க அதே ஆளுங்கதான? பாக்கறவங்களும் அதே ஆளுங்கதான?”

இப்படிக் கேட்டவர் திண்டிவனத்தில் மைக்செட் வைத்திருக்கும் ஓர் அண்ணன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவர் ஸ்பீக்கர்தான். வல்லம் போகிற வழியில் உள்ள ஒரு கிராமத்துக் கோயிலில் ஈஸ்டருக்கு அடுத்த வாரம் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்கும் அவர்தான். அந்த நாடகத்தில் யாரும் மேடையில் பேச மாட்டார்கள். வசனமும் பாட்டும் முன்பே பதிவு செய்து வைத்திருப்பார்கள். அது ஓட ஓட, நடிப்பவர்கள் வாயசைப்பார்கள், சிலுவை சுமப்பார்கள், அழுவார்கள். வசனங்களுக்கு நடுவே வரும் இசை முழுக்க சினிமாப் படங்களிலிருந்து வெட்டி ஒட்டியது. வெட்டி ஒட்டியவரும் அதே அண்ணன்தான். அதனால் அவர் கேள்வியில் கொஞ்சம் சொந்த வருத்தமும் இருந்தது.

அந்த வருடம் கடைசிக் காட்சிக்கு மட்டும், இயேசு உயிர்த்தெழும் காட்சிக்கு, நான் இசை அமைக்கிறேன் என்று அந்தக் கோயிலின் பங்குச் சாமியாரிடம் கேட்டிருந்தேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஒத்திகை ஒழுங்கா வந்தா உன் மியூசிக். சொதப்பினா பழைய சிடி. அப்பறம் கண்ணக் கசக்கிக்கினு வந்து நிக்கக் கூடாது” என்றார். சரி என்றேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அப்பா விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை சீசனில் அவர் சட்டையை உதறினால் வீடெல்லாம் செம்மண் வாசனை வரும். அம்மா மல்லாட்டை உரிக்கப் போவாள். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு பழகி, கல்லூரியையும் முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்.

பாடகர் குழுவில் ஒருநாள் கீபோர்டில் ‘ஸ்டிரிங்ஸ்’ என்ற பொத்தானை அழுத்தியபோதுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு விரலுக்குக் கீழே ஒரு கூட்டமே வயலின் வாசிப்பது போல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேலை உண்டு, மேலே வயலின் ஒன்று சொன்னால் கீழே செல்லோ வேறொன்று சொல்லும், பின்னால் ஹார்ன் ஊதுகிறவர் இரண்டுக்கும் நடுவில் புகுந்து போவார் என்பதெல்லாம். நிஜமான ஆட்கள் வாசித்த ஒவ்வொரு சுரத்தையும் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குள் போட்டு வைக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. நாம் எழுதினால் அந்த ஆட்கள் வாசிப்பார்கள். கம்ப்யூட்டர் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னுடையது தாங்கவில்லை.

அது கல்லூரிக்காக வாங்கியது. பாகங்களாக வாங்கிக் கோத்த மெஷின். பெரிய டப்பா மானிட்டரை பஸ் ஸ்டாண்டிலிருந்து அப்பா தோளில் வைத்துத் தூக்கி வந்தார், மூட்டை தூக்குகிற அதே தோள், அதே நடை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் நின்று பதில் சொன்னார். அந்த மெஷினில் வயலின் ஏற்றினால் ட்ரம்பெட்டுக்கு இடமிருக்காது. முதலில் வயலின் எழுதி முடித்து, அதைச் சாதாரண ஒலியாக உறையவைத்து, வயலின்காரர்களை வெளியே அனுப்பிவிட்டு, பிறகு ட்ரம்பெட்காரர்களை உள்ளே கூப்பிட வேண்டும். அவர்கள் வந்து உட்காருவதற்குள் நான் டீ போட்டுக் குடித்துவிடுவேன். போதாததற்கு மின்வெட்டு. அந்த வருடங்களில் கரண்ட் போகும் நேரத்தை வைத்துத்தான் எங்கள் தெருவில் மாவு அரைப்பார்கள், துணி தேய்ப்பார்கள். நான் இசை அமைப்பேன்.

இதையெல்லாம் நான் பெரிய குறையாக நினைத்ததில்லை. மெதுவாக ஓடுகிறது என்பதற்காக ஒரு மெஷினை மாற்றக் கூடாது என்பதுதான் அன்றும் என் எண்ணம். டீ குடிக்க நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் அடுத்த வரியை யோசிக்கலாம். மெமரி மட்டும் அதிகம் போட்டுப் பார்த்தேன். பழைய விண்டோஸ் அதில் ஒரு பகுதியைக் கண்டுகொள்ளவே இல்லை. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் ஆரம்பித்த வாரத்தில் உயிர்ப்புக் காட்சிக்கான இசையை ஒருவழியாக முடித்தேன். எல்லாவற்றையும் ஒரே பாட்டாகச் சேர்த்து வெளியே எடுக்கப் போனால் மெஷின் படுத்துக்கொண்டது. எத்தனை முறை எழுப்பினாலும் அதே இடத்தில் படுத்தது. கடைசியில் பாட்டை ஓடவிட்டு, ஹெட்போன் ஓட்டையிலிருந்து வயர் இழுத்து, பாடகர் குழுவின் சின்ன ரெக்கார்டரில் பதிவு செய்தேன். ட்ரம்பெட் எழுவதற்குச் சற்று முன்னால், எல்லா வாத்தியமும் ஒன்றாக மூச்சு வாங்கும் இடத்தில், மெஷின் திணறி ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் போட்டது. அதுவும் பதிவாகிவிட்டது.

“இது சும்மா மாதிரிக்குத்தான் அண்ணே. இந்த டர்ர் சத்தம்லாம் அப்பறம் போயிடும். ஒத்திகைக்கு மட்டும் வச்சிக்கோங்க” என்று மைக்செட் அண்ணனிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு, “என் சிடில டர்ர்லாம் வராது” என்று மட்டும் சொன்னார்.

கிராமத்தில் ஒத்திகை தொடங்கிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் எதிரில் எல்லாரும் கூடுவார்கள். நான் எல்லா ஞாயிறும் போக முடியாது, விழுப்புரத்தில் எனக்கும் பாடகர் குழு இருந்தது.

மெஷினை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது பஸ்ஸில். விக்கிரவாண்டி தாண்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கல்லறைக் காட்சியின் ராகம் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று அதற்குக் கீழே இன்னொரு வரி கேட்டது, பாடகர் குழுவின் ஆண்குரல் மாதிரி. அதற்கு மேல் பெண்குரல் ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் இன்னோர் ஆண்குரல். நான்கு குரலும் சேர்ந்து வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவரும் என்னவென்று தெரியாமலே சிரித்தார். வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு குரலைத்தான் எழுதினேன்.

எழுதி முடித்த பிறகுதான் அதைக் கவனித்தேன். மற்ற இரண்டையும் மெஷின் மறுக்கவில்லை. நான் போட்டுப் பார்க்கவே இல்லை. எப்படியும் திணறும் என்று என் விரல் தானாகவே விட்டுவிட்டது. பழைய பக்கங்களைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது ஹார்ன் இல்லை. முரசு எங்குமே இல்லை. எதையும் நான் வேண்டாம் என்று தீர்மானித்ததாக நினைவில்லை. மெஷின் மெதுவாக ஓடினால் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டில் யார் இருக்க வேண்டும், யார் இருக்கக் கூடாது என்று அது சொல்ல ஆரம்பித்துவிட்டால் பொறுக்க முடியாது. அன்றைக்கே முடிவு செய்தேன்.

தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். வேலை நடுவில் இருக்கும்போது மெஷினை மாற்றாதே, நாடகம் முடியட்டும். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்தக் கேள்வியை மைக்செட் அண்ணன் கேட்டது அப்போதுதான். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் நானே என் பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்வேன். ஆனால் நாடகம் முடிந்த பிறகு மாற்றினால் அந்த இரண்டு குரலும் யாருக்காக?

அம்மாவிடம் சொன்னேன். “தோடு எடுக்கலாம்னு இருந்தேன். அது என் காசில்ல, நீ சம்பாரிச்சது. எடுத்துக்கினு போ” என்றாள். பிறகு சந்தேகம் வந்து, “ஆர்க்கெஸ்ட்ரான்னு சொல்லிக்கினு இருக்கியே, கல்யாணத்துல மேடையேறிப் பாடப் போறியாடி?” என்று கேட்டாள்.

கடைக்காரருக்கும் அதே சந்தேகம். நான் கேட்ட மெமரி அளவைக் கேட்டதும், “கேம் ஆடுவீங்களாம்மா?” என்றார்.

“இல்லீங்க, ஆர்க்கெஸ்ட்ரா.”

“ஓ, பாடுவீங்களா? நம்பர் குடுத்துட்டுப் போங்க. மச்சான் வீட்ல ஒரு விசேஷம் வருது.”

பழைய மெஷினைக் கொடுத்தால் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. வேலை நடுவில் மாற்றுகிறவளுக்கு அந்த அளவு பயமாவது இருக்க வேண்டும்.

புதியதையும் அப்பாதான் தூக்கி வந்தார். ஒரு தோளில் பெட்டி, மறு கையில் தட்டை மானிட்டர். வாசலில் இறக்கி வைத்துவிட்டு என்னைக் கவலையாகப் பார்த்தார். “இத்தினி பெரிய மிஷினுன்னு சொன்னே. பழசவிட லேசா இருக்குதேம்மா. ஏமாத்திட்டானா?”

“புதுசுலாம் லேசாதான்பா இருக்கும்.”

“எதுக்கும் ஒருவாட்டி போயி கேட்டுட்டு வரட்டா?”

வயலின், செல்லோ, ஹார்ன், ட்ரம்பெட், நான்கு குரல் பாடகர்கள் எல்லாரையும் ஒன்றாக ஏற்றினேன். யாரையும் வெளியே அனுப்பவில்லை. டீ போடக்கூட நேரமில்லை. ஓடவிட்டேன்.

எழுதியவள் நான்தான், ஆனால் அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை. பஸ்ஸில் தலைக்குள் கேட்டது அறைக்குள் கேட்டது. ட்ரம்பெட் எழும் இடத்தில் திணறலே இல்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போல வந்தது. நான் கத்தினேனாம். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மறுபடி முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். அப்பா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

“இத்தினி பேரும் எங்கம்மா இருக்காங்க?” என்றார்.

“எந்தெந்த ஊர்லயோப்பா. இங்க நான்தான்.”

அவர் எழுந்தார். வெளியே போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வந்தார். மூன்றாவது முறை போட்டேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் வருவது குருத்தோலை ஞாயிறு. அதற்கும் முந்தைய ஞாயிறு புதுப் பதிவை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனேன். சாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உயிர்ப்புக் காட்சிக்கு மேடை இப்படி இருக்கும்: துணியில் வரைந்த பாறை, அதில் கல்லறை வாசல், வாசலை மூடி வட்டக் கல். கல் என்பது தெர்மோகோல், உள்ளே சைக்கிள் சக்கரம். அதைத் தள்ளுகிறவர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி, இருவருக்கும் ஊரிலேயே மல்லாட்டைக் கொல்லை. அவர்கள் துணிக்குப் பின்னால் நிற்பதால் மேடையில் நடப்பது எதுவும் தெரியாது. கல்லறைக்குள் இயேசு வெள்ளை உடையோடு காத்திருப்பார். அவர் ஊரில் தண்ணீர் டேங்க் திறந்துவிடுகிறவர்.

மைக்செட் அண்ணன் ஓடவிட்டார். செல்லோ தாழ்வாக ஆரம்பித்தது. பெண்கள் வந்து நின்று அழுதார்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. ஒத்திகை பார்க்க வந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. ட்ரம்பெட் எழுந்தது. வானதூதராக நின்ற பெண் கையை உயர்த்தினாள்.

கல் நகரவில்லை.

ட்ரம்பெட் ஊதி முடித்தது. வானதூதர் உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தாள். குரல்கள் ‘அல்லேலூயா’ பாட ஆரம்பித்தன. கல்லறைக்குள்ளிருந்து, “டேய், தள்ளுங்கடா! உள்ள வேகுதுடா!” என்று இயேசுவின் குரல் வந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சாமியார் எழுந்து துணிக்குப் பின்னால் போனார். நானும் ஓடினேன். அண்ணனும் தம்பியும் கல்லில் கைவைத்தபடி தயாராக நின்றுகொண்டிருந்தார்கள்.

“ஏன்யா தள்ளல?”

“இன்னும் வரலையே சாமி” என்றார் அண்ணன்காரர்.

“எது வரல?”

“டர்ர்னு வருமே சாமி, அது. அது வந்தாதான தள்ளணும்?”

“எந்த டர்ர்?”

தம்பி என்னைக் காட்டினார். “இந்தப் பொண்ணு பாட்டுலயே வரும் சாமி. ஊதறதுக்கு முன்னாடி டர்ர்ர்னு ஒண்ணு. அது வந்தா கை வைப்போம். நின்னா தள்ளிடுவோம். மூணு வாரமா அப்டித்தான் தள்ளிக்கினு இருக்கோம். கரெக்டா இருக்கும்.”

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. எதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கொடுத்தேனோ, எதை ஒழித்துவிட்டேன் என்று வீட்டில் கத்தினேனோ, அதைத்தான் இவர்கள் பாட்டின் முக்கியமான இடமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வயலினும் ட்ரம்பெட்டும் ஒரே இரைச்சல். டர்ர் மட்டும்தான் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

மைக்செட் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பொட்டிய மாத்தினா பாட்டு மாறாதுன்னு சொன்னது தப்புதான் பாப்பா. மாறிடுச்சு!” கொஞ்சம் தணிந்து, “பழைய சிடி பையிலதான் இருக்குது ஃபாதர்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

சாமியார் என்னைப் பார்த்தார். அவர் வைத்த நிபந்தனை எனக்கு நன்றாக நினைவிருந்தது.

“அடுத்த ஞாயிறு வரைக்கும் டைம் குடுங்க ஃபாதர்” என்றேன்.

“குருத்தோலை ஞாயிறு கடைசி ஒத்திகை. அன்னிக்கி கல்லு நகரணும்.”

பஸ் ஏறப் போகும்போது மைக்செட் அண்ணன் கூப்பிட்டார். “கோச்சிக்காத பாப்பா. அந்த டர்ர மட்டும் பழசுலருந்து வெட்டி இதுல ஒட்டிக் குடுத்துட்டா முடிஞ்சுது. நான் பண்ணித் தரட்டா? ஜல்தியா பண்ணிடுவேன்.” உண்மையாகவே உதவத்தான் கேட்டார். வேலையும் எளிது. ஆனால் அவ்வளவு சுத்தமாக வந்த ஒன்றில் என் பழைய மெஷினின் திணறலைக் கொண்டுபோய் வைக்க மனம் வரவில்லை. கல்லைத் தள்ளுகிறவர்களுக்கு வேறு சத்தம் பழக்கலாம் என்றால் ஒரு வாரம்தான் இருக்கிறது. அவர்களுக்கு டர்ர்தான் வேண்டும்.

வீட்டில் நற்செய்தியை எடுத்து அந்தப் பகுதியைத் திரும்பப் படித்தேன். சிறு வயதிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கேட்ட பகுதிதான். வானதூதர் வந்து கல்லைப் புரட்டுவதற்கு முன்னால் பூமி பெரிதாக அதிர்ந்தது என்று அதில் இருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. அந்த அதிர்வை நான் எழுதவே இல்லை. முரசுகளுக்கு மெஷினில் இடமில்லை என்று விரல் விட்டுவிட்ட இடம் அது. பழைய மெஷின் தன் பங்குக்குத் திணறி, நான் விட்டதை ஏதோ ஒரு மாதிரி போட்டு வைத்திருக்கிறது.

டிம்பனியை ஏற்றினேன். பெரிய செம்புக் கொப்பரைமேல் தோல் கட்டியது போன்ற முரசு அது. இரண்டு கோலால் மாற்றி மாற்றி அடித்தால் ஒரே உருட்டலாகக் கேட்கும். அதன் கீழே ஒரு பெரிய தோல் முரசு. இரண்டும் கேட்டும் கேட்காமலும் ஆரம்பித்து, தரையிலிருந்து எழுவது போல வளர்ந்து, சட்டென்று நிற்க வேண்டும். நின்ற அமைதியில் கல் நகர வேண்டும். அது நகர்ந்த பிறகுதான் ட்ரம்பெட். பழைய பதிவில் டர்ர் எவ்வளவு நேரம் நீடித்ததோ அதே நேரம்தான் இந்த உருட்டலுக்கும் கொடுத்தேன். தள்ளுகிறவர்களின் கை அந்த அளவுக்குத்தான் பழகியிருந்தது. ஒரு முரசு வந்ததும் ஹார்ன்களை மாற்ற வேண்டியிருந்தது, ஹார்ன் மாறியதும் செல்லோ மாறியது. அந்த வாரம் பள்ளியில் பிள்ளைகளுக்கு என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

குருத்தோலை ஞாயிறு. கையில் ஓலைகளோடு மொத்த ஊரும் மேடை முன்னால் நின்றது. எல்லாரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். ‘டர்ர்’ கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. “அம்மா, டர்ர் கொண்டாந்துட்டியா?” என்று ஒரு பெண் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். நான் துணிக்குப் பின்னால் போய் அண்ணன் தம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுப் புரிந்துகொள்ளாவிட்டால் அது என் எழுத்தின் குறை.

குரல்கள் ஏறின. முரசு ஆரம்பித்தது. முதலில் அண்ணன்காரர் தலையைத் திருப்பினார். தம்பியின் கண் விரிந்தது. முரசு வளர வளர இருவர் கையும் கல்லுக்குப் போனது. மேடைப் பலகை எங்கள் காலுக்கடியில் நிஜமாகவே அதிர்ந்தது. மைக்செட் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸைக் கூடுதலாக இறக்கியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. முரசு நின்றது.

தள்ளினார்கள்.

ட்ரம்பெட் எழுந்தபோது இயேசு வெளியே வந்து நின்றார். துணியின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அத்தனை குருத்தோலையும் ஒன்றாக மேலே போயின. ஒத்திகை என்பதை மறந்துவிட்டார்கள்.

“இதான் டர்ரு” என்றார் தம்பிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு. “போன தபா இருந்தது குட்டி டர்ரு.”

நாடகத்தன்று அப்பாவும் அம்மாவும் விழுப்புரத்திலிருந்து வந்து முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தார்கள். முடிவில் மைக்செட் அண்ணன் மைக்கை வாங்கி, கடைசிக் காட்சிக்கு இசை அமைத்தது நம்ம டீச்சரம்மா என்று அறிவித்தார். அப்பா எழுந்து நின்று சுற்றிலும் திரும்பி எல்லாருக்கும் கும்பிடு போட்டார். சாமியார் என்னிடம் ஒரே வரிதான் பேசினார். “அடுத்த வருஷம் முழு நாடகமும் நீயே போட்டுடு.”

அந்த அடுத்த வருடம் இப்போது நெருங்கிவிட்டது. மறுபடி மெஷின் மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். கடையில் இதைவிடப் பெரியது வந்துவிட்டதாம். வரட்டும். இன்றுவரை என் விரல் எதையும் விட்டுவிடவில்லை, இந்த மெஷின் இன்னும் பல வருடம் எனக்குப் போதும். ஆனால் இயேசு பிடிபடுவதற்கு முன் ஜெபம் செய்யும் கெத்சமனித் தோட்டக் காட்சிக்கு எழுதிய இசையை எத்தனை முறை கேட்டாலும், அதில் ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டு வாசிப்பது போன்ற ஏதோ ஒன்று குறைகிறது. அதைக் கடையில் கேட்டு வாங்க முடியாது.

அதனால் பாண்டிச்சேரியில் வயலின் வாசிக்கும் நான்கு பேரைத் தேடிப் பிடித்தேன். அவரவர் பகுதியைத் தனித்தனித் தாளில் அச்சடித்துப் போன வாரமே அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலை திண்டிவனத்துக்கு வருகிறார்கள். பள்ளி ஹாலின் சாவியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். இன்று அவர்களில் ஒருவர் போன் செய்து, இரண்டாவது பக்கத்தில் வில்லை மேலிருந்து கீழே இழுப்பதா, கீழிருந்து மேலே தள்ளுவதா என்று கேட்டார். இதுவரை எந்த மெஷினும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

“தெரியலீங்க” என்றேன். “சனிக்கிழமை ரெண்டு விதமாவும் வாசிச்சுக் காட்டுங்க.”